புயலுக்கு முன்னும் பின்னும்



இயற்கை விளைவிக்கும் பேரிடர்களுள் சில, முன்னறிவிப்பு ஏதுமின்றி வருவன. நிலநடுக்கம் கண்மூடித் திறக்கும் நேரத்தில் நிகழ்ந்துவிடுகிறது; அதற்கு நாளும் இல்லை, நாழிகையும் இல்லை. புயல் அத்தகையதன்று. அது கடலில் பிறந்து, சில நாட்கள் வளர்ந்து, தான் வரும் திசையை ஓரளவு காட்டிக்கொண்டே கரையை நோக்கி வருகிறது. ஒரு குடும்பம் தன்னைக் காத்துக்கொள்வதற்கு வேண்டிய அவகாசத்தைப் பெரும்பாலும் அது கொடுத்துவிடுகிறது. ஆயினும் நமது கீழைக் கடற்கரையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்த அவகாசம் வீணாய்ப் போன ஆண்டுகளும் உண்டு. நன்கு பயன்பட்ட ஆண்டுகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது, அதில் ஒவ்வோர் இல்லத்தின் பங்கும் எவ்வளவு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அட்லாண்டிக் கடலில் ‘ஹரிக்கேன்’ என்றும், மேற்குப் பசிபிக் கடலில் ‘டைபூன்’ என்றும் வழங்கப்படுவதையே நாம் புயல் என்கிறோம். நம் பகுதியில் இதற்கு வழங்கும் ‘சைக்ளோன்’ என்ற பெயர் நம் நாட்டிலேயே பிறந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், 1848-ஆம் ஆண்டில் மாலுமிகளுக்காக எழுதிய நூலில், பாம்பின் சுருளைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினார். பெயர் பொருத்தமானதே. பூமத்திய ரேகைக்கு வடக்கேயுள்ள நம் கடல்களில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுருண்டு சுழல்கிறது. அதன் நடுவே ‘கண்’ எனப்படும் அமைதியான வட்டம் ஒன்று உண்டு. இந்தக் கண்ணைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். அது பலரை ஏமாற்றியிருக்கிறது.

வங்கக் கடலில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு புயற்பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போது அதற்குப் புயல் என்ற தகுதியும் ஒரு பெயரும் கிடைக்கின்றன. 222 கிலோமீட்டரையும் எட்டினால் அது சூப்பர் புயல் ஆகிறது. இந்த எண்களைக் கேட்கும்போது ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால், அது சுவரையும் கூரையையும் தாக்கும் விசை நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. எனவே, ‘சென்ற புயலைத் தாங்கிய வீடு இந்தப் புயலையும் தாங்கும்’ என்ற எண்ணத்தை நம்பி உயிரை வைக்கலாகாது.

காற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. அதுதான் புயலோடு பொங்கிவரும் கடல். சுழன்றடிக்கும் காற்று கடல்நீரைக் கரையை நோக்கி வாரித் தள்ளுகிறது. ஆழம் குறைந்த கரையோரக் கடலில் அந்த நீர் கீழே இறங்கிப் பரவ இடமின்றி மேலெழுந்து, நிலத்தின்மீது பாய்கிறது. 1864-ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறிய நீரினாலும், பின்வந்த நோய்களினாலும் பல்லாயிரவர் மாண்டனர். மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஊரையும், அங்குச் சென்ற ரயில்வண்டியையும் கடல் கொண்டதைத் தமிழ்நாட்டினர் அறிவர். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில், கிருஷ்ணை ஆற்றின் கழிமுகமாகிய திவிசீமையில் கடல் புகுந்து ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மடிந்தனர். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் பாராதீப் அருகே கரையேறிய சூப்பர் புயலும் ஏறத்தாழ அதே அளவு உயிர்களைக் கொண்டது. எர்சமா வட்டாரத்தில் கடல்நீர் கிராமம் கிராமமாக விழுங்கிவிட்டது. இவற்றில் பெரும்பாலோரை மாய்த்தது காற்றன்று; தண்ணீரே.

இப்போது மற்றொரு கணக்கைப் பாருங்கள். அதே ஒடிசாவில், 2013 அக்டோபர் 12 அன்று பைலின் என்ற புயல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. பத்து லட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டனர். மாண்டவர் தொகை நூறை எட்டவில்லை. 2019 மே 3 அன்று பூரியருகே ஃபனி புயல் கரையேறியபோதும் பன்னிரண்டு லட்சம் பேர் அவ்வாறே சென்றனர்; அம்மாநிலத்தில் இழந்த உயிர்கள் அப்போதும் நூற்றுக்குள் அடங்கின. கடற்கரை அதுவே; காற்றும் இளைத்ததன்று. மாறியவை என்ன? முன்னறிவிப்பு துல்லியமாயிற்று. கரையோரத்தில் 800-க்கு மேற்பட்ட புகலிடக் கட்டடங்கள் எழுந்தன. அறிவிப்பு கடைசி வீடு வரை சென்றது. இவை அரசும் அறிவியலும் செய்தவை. நான்காவதாக ஒன்று உண்டு: அறிவிப்பைக் கேட்ட குடும்பம் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டது. அந்த நான்காவது நிகழாதிருந்தால் முதல் மூன்றும் பயனற்றுப் போயிருக்கும்.

வானிலைத் துறையின் எச்சரிக்கை நான்கு படிகளில் வருகிறது. ஒவ்வொரு படிக்கும் இல்லத்தில் ஒரு வேலை உண்டு.

முதற்படி, கடலோர மாவட்டங்களில் பாதகமான வானிலை தொடங்குமென எதிர்பார்க்கப்படும் நேரத்துக்குச் சுமார் 72 மணிநேரம் முன்னதாக வரும் முன்கண்காணிப்பு. இது பதற்றப்பட வேண்டிய நேரமன்று. கணக்கெடுக்க வேண்டிய நேரம். வீட்டிலுள்ள முதியவருக்கு அன்றாடம் வேண்டிய மருந்து பத்து நாட்களுக்கேனும் இருக்கிறதா? மின்பொறி விளக்குக்கும் வானொலிப் பெட்டிக்கும் மின்கலம் உண்டா? நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால், மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு இப்போதே அனுப்புவது நன்று. புயற்புகலிடம் எங்கே இருக்கிறது, அதற்குச் செல்லும் பாதையில் ஓடையோ தாழ்ந்த பாலமோ குறுக்கிடுகிறதா என்பதையும் இன்றே நடந்து பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி, 48 மணிநேரத்துக்கு முன்னர் வரும் மஞ்சள் நிற எச்சரிக்கை. இது வீட்டையும் கொல்லையையும் செப்பனிடும் நாள். கூரைக்குக் காற்றினால் வரும் கேடு பெரும்பாலும் மேலிருந்து அழுத்துவதன்று, மேல்நோக்கி இழுப்பதாகும். ஆகையால் ஓலைக் கூரையின்மேல் கயிற்றுவலை போட்டு இருபுறமும் தரையில் அடித்த முளைகளில் கட்ட வேண்டும். தகரக் கூரையாயின், தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கிகள் துருவேறித் தளர்ந்துள்ளனவா எனப் பார்த்து முடுக்க வேண்டும். தென்னையின் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். புயலில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டுக்கு ஒப்பாகும். மாடியிலுள்ள பூந்தொட்டி, பழைய தகரம், தளர்ந்த விளம்பரப் பலகை யாவும் அவ்வாறே. குடிநீரை மூடியுள்ள கலங்களில் நிரப்புங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, மூன்று நாட்களுக்குக் குறையாமல் சேமிக்க வேண்டும். அவல், பொரி, வறுத்த கடலை, வெல்லம், குழந்தைக்கான பால்மாவு போன்ற, அடுப்பின் உதவியை அதிகம் வேண்டாத உணவுகளை எடுத்துவையுங்கள்.

மூன்றாம் படி, 24 மணிநேரத்துக்கு முன்னர் வரும் ஆரஞ்சு நிற எச்சரிக்கை. தாழ்வான இடத்திலோ, கடலோரத்திலோ, உறுதியற்ற வீட்டிலோ வாழ்பவர் புறப்பட வேண்டிய வேளை இது. குடும்ப அட்டை, நிலப் பட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ்கள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை நீர்புகாத பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். அவற்றைக் கைபேசியில் படமெடுத்து, வெளியூரிலுள்ள நெருங்கிய உறவினருக்கு அனுப்பிவைப்பதும் நல்ல ஏற்பாடு. புறப்படுமுன் மின்சாரத்தின் மூல விசையை அணைத்து, சமையல் எரிவாயு உருளையையும் மூடிவிட வேண்டும்.

நான்காம் படி, 12 மணிநேரத்துக்கு முன்னர் வரும் சிவப்பு நிற அறிவிப்பு. அதற்குள் எல்லோரும் உரிய இடத்தில் இருக்க வேண்டும். அதன்பின் சாலையில் செல்வது வீட்டில் இருப்பதைவிட ஆபத்தாக முடியலாம்.

இவ்வளவு தெளிவாக அறிவிப்பு வந்தும் சிலர் புறப்படத் தயங்குகிறார்களே, ஏன்? அவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அவர்களுடைய தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. வீட்டைத் திறந்துபோட்டுச் சென்றால் பண்டபாத்திரங்கள் திருட்டுப் போகுமென்ற அச்சம் ஒன்று. கறவை மாட்டை விட்டுச் செல்ல மனம் வாராமை மற்றொன்று. நடக்க இயலாத தாயையோ தந்தையையோ எப்படிக் கொண்டுசெல்வது என்ற கவலை. கூட்டம் நிறைந்த புகலிடத்தில் பெண்பிள்ளைகளுடன் இரவைக் கழிப்பதில் கூச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘சென்ற முறையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற நினைப்பு.

இவற்றுக்கு விடை புயல் நாளன்று தேடினால் கிட்டாது. முன்னரே தேட வேண்டும். முதியவரைச் சுமந்துசெல்லும் இருவர் யார் என்பதைத் தெருவாரே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளலாம். மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச்செல்லலாம். அது இயலாவிடில் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய மாடு தொழுவத்திலேயே மூழ்கும். அவிழ்த்த மாடு நீந்தியேனும் பிழைக்கக் கூடும். பெண்களுக்குத் தனி அறையும், கழிப்பிடமும், வெளிச்சமும் புகலிடத்தில் உள்ளனவா என்று பஞ்சாயத்திடம் புயல் இல்லாத நாளில் கேட்டு, இல்லையேல் செய்யச் சொல்வது குடிமக்களின் உரிமை. புயல் சில வேளைகளில் திசைமாறிச் செல்வதும் உண்மையே. திசைமாறிய புயலுக்காகப் புறப்பட்டவன் இழப்பது ஓரிரவு உறக்கம். திசைமாறாத புயலுக்குப் புறப்படாதவன் இழப்பதை யாரால் ஈடுசெய்ய இயலும்?

உறுதியான கட்டடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வாழ்பவர் வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் கதவு சன்னல்களைத் தாழிட்டு, கண்ணாடிக்கு விலகி, வீட்டின் நடுவிலுள்ள சிறிய அறையில் இருக்க வேண்டும். இங்குதான் நான் முன்னர்க் குறிப்பிட்ட புயலின் கண் நினைவுக்கு வர வேண்டும். ஊழிபோல் அடித்த காற்று திடீரென ஓய்ந்து, வானமும் சிறிது வெளுக்கும். புயல் நீங்கிற்று என்று மக்கள் வெளியே வருவர். கூரையைச் சரிசெய்ய ஏறுவர். ஆனால் நீங்கியது பாதிப்புயலே. சிறிது நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்துடன் திரும்பும். முதற்பாதியில் ஆட்டங்கண்ட சுவர்களும் மரங்களும் அப்போது சாயும். ஆகவே, புயல் கடந்துவிட்டது என்று வானொலியோ அதிகாரிகளோ அறிவிக்கும் வரை வெளியே வரலாகாது.

புயல் உண்மையாகவே கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறிவுரைகள் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுவதுண்டு. ஆனால் இல்லத்தாரின் விழிப்புக்கு இரண்டாம் சோதனை இங்கேதான் தொடங்குகிறது. காற்றும் கடலும் விட்டுவைத்த உயிர்கள், அடுத்த சில நாட்களில், தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் போவது பெருந்துயரமன்றோ?

முதலாவது ஆபத்து மின்சாரம். அறுந்து விழுந்த கம்பியில் மின்னோட்டம் இல்லை என்று எவரும் முடிவு செய்யலாகாது. அது தேங்கிய நீரில் கிடந்தால் அந்த நீரே எமனாகும். கம்பியைக் கண்டால் நெருங்காமல், பிறரையும் நெருங்கவிடாமல் நிறுத்தி, மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நீர் புகுந்திருந்தால், மின்பணியாளர் சோதித்துப் பார்க்கும்வரை மூல விசையைப் போடக் கூடாது. ஈரக் காலுடன் அதைத் தொடவும் கூடாது.

மின்சாரம் வர நாட்கள் பலவாகலாம். 2014 அக்டோபரில் ஹூத்ஹூத் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியபோது, அம்மாநகரமே மின்சாரமும் தொலைபேசியும் இன்றி நாட்கணக்கில் தவித்தது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிக் கழிமுகத்தைச் சூறையாடியபோது, சில சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய வேளையில் ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதை வீட்டுக்குள்ளோ, மூடிய முற்றத்திலோ, சன்னலருகிலோ இயக்கக் கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுவதும் அதே கேட்டைத் தரும்.

இரண்டாவது, குடிநீர். வெள்ளம் புகுந்த கிணற்றில் சாக்கடையும் செத்த உயிர்களின் அழுகலும் கலந்திருக்கக் கூடும். நீர் தெளிந்திருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. நன்கு தளதளவெனக் கொதித்த பின்னரும் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு ஆறவைத்த நீரை, அல்லது சுகாதாரப் பணியாளர் தரும் குளோரின் மாத்திரையிட்ட நீரையே பருக வேண்டும். கடல்நீர் புகுந்த கிணற்றுக்கு இது போதாது. கொதிக்க வைப்பதனால் உப்பு நீங்காது. அத்தகைய ஊர்களுக்கு வெளியிலிருந்துதான் நீர் வர வேண்டும். வயிற்றுப்போக்குக் கண்டால் உடனே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் தூய நீருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி; இரண்டும் தலைதட்டிய அளவு. உப்பு மிகலாகாது. குழந்தை துவண்டாலோ, கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

மூன்றாவது, வெள்ளநீரும் இடிபாடும். வெள்ளத்தில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலிலுள்ள சிறு புண்ணின் வழியே எலிக்காய்ச்சல் உடலில் ஏறும். 1999 புயலுக்குப் பின் ஒடிசாவில் இந்நோய் காணப்பட்டது. இயன்றவரை நீரில் இறங்காதிருப்பதும், இறங்கினால் காலணி அணிவதும், பின்னர்ச் சோப்பினால் கழுவுவதும், காய்ச்சல் கண்டால் ‘வெள்ளத்தில் நடந்தேன்’ என்று மருத்துவரிடம் மறவாமல் சொல்வதும் வேண்டும். வீடிழந்த பாம்பும் உலர்ந்த இடத்தைத் தேடி நம் வீட்டுக்குத்தான் வரும். சரிந்த ஓட்டையும் மரக்கட்டையையும் வெறுங்கையால் புரட்டாமல், கோலால் தட்டிப் பார்த்துப் புரட்ட வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே தரும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஈரம் உலராத கூரைமேல் அவசரமாக ஏறுவதையும், சாய்ந்த மரத்தைப் பழக்கமின்றி அறுப்பதையும் தவிர்க்க வேண்டும். பழுதுபார்க்குமுன் சேதத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் நிவாரணம் கோரும்போது உதவும்.

இறுதியாக, அண்டை அயலார். புயலின் மறுநாட்காலையில் உங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று பாருங்கள். தனியே வாழும் முதியவரும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாயும் எவரையும் அழைக்க இயலாமல் இருக்கலாம். கைபேசி இயங்குமாயின் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணும் உள்ளன. உறுதியாகத் தெரியாத செய்தியைப் பிறருக்குச் சொல்லாதிருப்பதும் அந்நாட்களில் ஒரு தொண்டே.

நேயர்களே, நான் கூறியவற்றில் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. கயிறும், கலமும், ஒரு பிளாஸ்டிக் உறையும், சிறிது முன்யோசனையும் போதும். அடுத்த புயற்பருவம் வருமுன் ஒரு மாலைப்பொழுதில் குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து மூன்று வினாக்களுக்கு விடைகண்டு வையுங்கள்: எந்த எச்சரிக்கையைக் கேட்டதும் புறப்படுவோம்? எங்கே செல்வோம்? யார் யாரை அழைத்துச் செல்வோம்? வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியருக்கும் அந்த விடைகள் தெரிந்திருக்கட்டும். காற்று எழும்பிய பின்னர் விவாதிக்க நேரம் இராது. முன்னரே முடிவு செய்த குடும்பத்துக்கு விவாதிக்க வேண்டிய தேவையும் இராது.